பைட் (மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதம்) மாறிவிட்டதா, தகடு தளர்ந்துவிட்டதா: தாடைத் திருத்த அறுவைக்குப் பின் அறிகுறிவாரியாகச் சரிபார்த்தல்

"மிஸ்ஸி (நர்ஸ்), உள்ளே போட்ட பிளேட் கழன்றுவிட்டதா?" தாடைத் திருத்த அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது முதலில் கேட்பது இதைத்தான். வெட்டிய தாடை எலும்பைப் பிடித்துவைக்கும் அந்தத் தகடு பெரும்பாலும் அசைந்திருக்காது. மேல், கீழ்ப் பற்களின் பிரேஸை இணைக்கும் ரப்பர் வளையம் தவறான கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும், அல்லது பிரேஸின் ஏதோ ஒரு பகுதி பெயர்ந்திருக்கும். உண்மையிலேயே அசைந்திருக்கும் சில நேரங்களில் காலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் திருகைக் கழற்றி மறுபடி பொருத்திவிடலாம். அதே கோளாறு எலும்பு கூடிய பிறகு தெரியவந்தால் மீண்டும் எலும்பை வெட்டவேண்டியதாகிவிடும். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிய காரணத்தில் தொடங்கிச் செலவு மிக்க காரணம்வரை எழுதியிருக்கிறேன். உங்கள் அறுவை மருத்துவர் சொன்னது இதிலிருந்து வேறுபட்டால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள். உங்கள் தாடையை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தி எதைக்கொண்டு பிணைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

எதையும் சரிபார்க்காமல் உடனே கிளம்பவேண்டியவை

மூச்சுவிடச் சிரமம், நாக்கடி வீங்கி எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை, மூக்கிலிருந்தோ வாயிலிருந்தோ நிற்காமல் வழியும் இரத்தம் ஆகிய மூன்றுக்கும் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995 தான். மேல்தாடை அறுவை செய்துகொண்டவருக்கு ஒருவாரமோ இரண்டுவாரமோ கழித்துத் திடீரெனச் சிவந்த புது இரத்தம் மூக்கில் கொட்டித் தானாகவே நின்றுவிட்டாலும், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதலில் வருவது சிறிதாக இருந்து அடுத்தது பெரிதாக வரக்கூடும்.

தாடைகள் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும்போது வாந்தி வந்தால் தலையை முன்னால் குனிந்துகொள்ளுங்கள். திரவ உணவு மட்டுமே உண்டிருப்பதால் பெரும்பாலும் பற்களின் இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும். ரப்பர் வளையத்தை வெட்டச் சிறு கத்தரிக்கோலும், கம்பியால் கட்டியிருந்தால் கம்பி வெட்டியும் நோயாளியின் அருகிலேயே இருக்கவேண்டும். சமையலறை இழுப்பறையில் தேடும்படி இருக்கக் கூடாது.

தொடங்குமுன் தெரிந்திருக்கவேண்டிய ஒரு விவரம்

உங்களுக்கு எவ்வகைப் பிணைப்பு செய்யப்பட்டது என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேல்தாடையில் வழக்கமாக நான்கு சிறு டைட்டானியத் தகடுகள், மூக்கின் இருபுறமும் கன்ன எலும்பின் அடியிலும் உள்ள தடித்த எலும்பில் பொருத்தப்படும். கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தகடு, இரண்டு தகடுகள், அல்லது தகடே இல்லாமல் எலும்பின் இரு சுவர்களையும் துளைத்துச் செல்லும் மூன்று நீண்ட திருகுகள் இருக்கலாம். ஒரு தகடும் ஒரு நீண்ட திருகும் சேர்ந்த கலப்பு முறையும் உண்டு. ஆய்வகச் சோதனைகளில், முக்கோணமாகப் போடப்பட்ட மூன்று நீண்ட திருகுகள், வெளிச்சுவரை மட்டும் பிடிக்கும் குறுந்திருகுகளோடு கூடிய ஒற்றைத் தகட்டைவிடப் பொதுவாக அதிக விசையைத் தாங்குகின்றன. அதனால் ஒற்றைத் தகடு மட்டம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சற்றே வளைந்துகொடுக்கும் தகடு தாடை மூட்டின் சிறு இடப்பிசகைப் பொறுத்துக்கொள்ளும். விறைப்பான பிணைப்போ பிசகையும் சேர்த்தே பூட்டிவிடும். உங்களுக்கு இதில் தேவையானது ஒன்றுதான்: ஒற்றைத் தகடோ, உடலில் கரையும் தகடோ போடப்பட்டவர்கள் ரப்பர் வளையத்திலும் மென்மையான உணவிலும் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் சிலர், "அந்தக் காலத்தில் ஆறு வாரம் வாயையே திறக்கவிடாமல் கம்பியால் கட்டிவிடுவார்களே, உனக்கு ஏன் கட்டவில்லை?" என்று கேட்டு நோயாளியைக் கலவரப்படுத்துவதுண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். தகடுகள் வருமுன் அப்படித்தான் செய்தார்கள். இப்போது தகடு அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறது, ஆனால் முழுவதையும் அல்ல. கான்கிரீட் இறுகும்வரை அடித்து நிறுத்தும் பலகையைப் போல, எலும்பு கூடும் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு வடிவத்தைப் பிடித்துவைப்பதே அதன் பணி. மெல்லும் விசையை முழுதாகத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை.

அறிகுறி 1: மேல்பற்களும் கீழ்ப்பற்களும் முன்போல் அமரவில்லை

எல்லா அறிகுறிகளிலும் இதுவே முக்கியமானது. வீக்கம் ஏமாற்றும், வலியும் ஏமாற்றும். பைட் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே, கன்னத்தை விரலால் ஒதுக்கி, முன்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம் என மூன்று படங்களைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் எடுத்து ஒப்பிடலாம். மூன்றைப் பாருங்கள்: மேல், கீழ்ப் பல்வரிசைகளின் நடுக்கோடுகள் முன்பிருந்த அதே உறவில் இருக்கின்றனவா, முன்பற்களுக்கிடையே புதிய இடைவெளி தெரிகிறதா, ஒரு பக்கக் கடைவாய்ப் பல் மட்டும் முந்திக்கொண்டு மோதுகிறதா. எந்தச் சூழ்நிலையிலும் தாடையைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்காதீர்கள்.

முதல் இரண்டு வாரங்களில் தோன்றினால்

ரப்பர் வளையங்களிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்கு மாட்டவேண்டும் என்று தந்த படத்தோடு ஒப்பிடுங்கள். கண்ணாடியில் பார்த்து மாட்டும்போது வலமும் இடமும் மாறிப்போவது மிகச் சாதாரணம். முன்னோக்கி இழுக்கவேண்டிய வளையம் பின்னோக்கி இழுத்தால், தாடை அந்தத் திசைக்கே வரும். வளையம் நாள்பட்டால் இழுவிசையை இழந்துவிடும். ஆகவே தினமும் மாற்றச் சொல்லியிருந்தால் தினமும் மாற்றவேண்டும். பொட்டலம் தீர்ந்துவிட்டது என்பதற்காக வேறொருவருக்குத் தந்த வளையத்தைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் விட்டமும் விசையும் பொட்டலத்துக்குப் பொட்டலம் வேறுபடும்.

வளையம் சரியாக இருந்தால் ஸ்பிளிண்டைப் பாருங்கள். பற்களுக்கிடையே வைத்த அந்தப் பிளாஸ்டிக் தட்டு விரிசல் விட்டிருந்தாலோ, ஒரு பக்கம் இறங்கியிருந்தாலோ, அடியில் உணவு சிக்கியிருந்தாலோ பைட் மாறியதாகத் தோன்றும். அதற்கடுத்துப் பிரேஸில் பல்லோடு ஒட்டியிருக்கும் பிராக்கெட்டோ கொக்கியோ பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றைப் பல் சீரமைப்பு மருத்துவர் ஒரே வருகையில் சரிசெய்துவிடுவார். காலையில் வீக்கம் கூடுதலாக இருக்கும்போது மட்டும் பற்கள் விலகித் தெரிந்து, மாலைக்குள் சேர்ந்துவிடுவதும் கவலைக்குரியதல்ல.

மேற்சொன்ன அனைத்தும் சரியாக இருந்தும், வளையங்களை மாட்டிய பிறகும் பற்கள் பழைய இடத்தில் சேரவில்லை என்றால் அன்றே அழையுங்கள். மயக்கநிலையில் தசைகள் தளர்ந்திருக்கும்போது கீழ்த்தாடையின் குமிழ், காதுக்கு முன்னுள்ள மூட்டுக்குழியில் முழுதாக அமராமல் சற்றுத் தாழ்ந்த நிலையில் பிணைக்கப்பட்டுவிட்டால், நோயாளி விழித்துத் தசைகள் இயங்கத் தொடங்கியதும் குமிழ் தன் இடத்துக்குப் போகும், பைட் மாறும். இரு பக்கமும் அப்படியானால் முன்பற்களிடையே திறப்பு உண்டாகும். ஒரு பக்கம் மட்டுமென்றால் கீழ் நடுக்கோடு சாயும். சிறிய மாற்றத்தை வளையங்களால் இழுத்துச் சமாளிக்கலாம். பெரியதென்றால் அறுவைக்கூடத்துக்குத் திரும்பி, திருகுகளைக் கழற்றி, குமிழை அமர்த்தி, மீண்டும் பிணைக்கவேண்டும். அந்த முடிவை மருத்துவர் நாள் கணக்கில் எடுப்பார், வாரக் கணக்கில் அல்ல. ஆகவே "அடுத்த வாரம் எப்படியும் சந்திப்பு இருக்கிறதே" என்று காத்திருப்பதுதான் இங்கே செய்யக்கூடாத ஒன்று.

மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை

இக்காலகட்டத்தின் எதிரி, வலி இல்லாமைதான். வீக்கம் வடிந்து முகம் அழகாகத் தெரிகிறது, உணவங்காடி நிலையத்துக்கு நண்பர்கள் அழைக்கிறார்கள், ரொட்டி பிராட்டாவைச் சிறிதாகப் பிய்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றுகிறது. பிராட்டா மென்மையானது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இழுத்துக் கிழித்து நெடுநேரம் மெல்லவேண்டிய உணவு. கஞ்சி, சொதியில் நன்றாக ஊறிய இடியாப்பம், மீ சுவா (மெல்லிய நூடுல்ஸ்), ஆவியில் வேகவைத்த முட்டை, தௌ ஹுவே (மென்மையான சோயா தயிர்) ஆகியவை போதும். நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தி நசுக்க முடியாத எதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தொடவேண்டாம்.

எனவே முதல் கேள்வி: கடினமாக எதையாவது கடித்தீர்களா, வளையங்களை நீங்களாகவே நிறுத்திவிட்டீர்களா? வளையத்தைச் சொன்னபடி மீண்டும் மாட்டி, திரவ உணவுக்குத் திரும்பி, மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஓரிரு நாளில் பைட் பழைய நிலைக்கு வந்துவிட்டால், இழுவிசை குறைந்ததே காரணமாக இருந்திருக்கலாம். இரண்டாவது கேள்வி: இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா? உறங்கும்போது கடிக்கும் விசையை யாரும் அளந்து கட்டுப்படுத்த முடியாது. உடன் உறங்குபவரிடம் கேளுங்கள். மூன்றாவது: விழுந்தீர்களா, முகத்தில் அடிபட்டதா? தேசிய சேவையில் இருக்கும் இளைஞர்கள் மருத்துவ விடுப்பு முடிந்ததும் பயிற்சிக்குத் திரும்பத் துடிக்கிறார்கள். முகாம் மருத்துவ அதிகாரியிடம் அறுவை மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, எந்தப் பயிற்சி எப்போதிலிருந்து என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, உடனே அழைக்கவேண்டிய கட்டம். பற்களைச் சேர்க்கும்போது மேல்தாடை முழுவதும் ஒரே துண்டாக மேலும் கீழும் அசைவதாக உணர்ந்தால், அல்லது கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் வலியோடு அசைவு தெரிந்தால், தகடோ திருகோ பிடியை இழந்திருக்கலாம். மெல்லிய எலும்பில் போட்ட திருகு சுழன்று தளர்வது, வெட்டுக்கோட்டுக்கு நேர்மேலே தகடு வளைவது அல்லது முறிவது, அறுவையின்போதே எலும்பு எதிர்பாராத கோட்டில் பிளந்திருந்ததால் பிணைப்புக்குப் போதிய இடம் கிடைக்காமல் போயிருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். இதைக் கண்ணால் தீர்மானிக்க இயலாது. ஓபிஜி எக்ஸ்ரே (தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டுவது), தேவைப்பட்டால் கோன் பீம் ஸ்கேன் (முப்பரிமாணப் படம்) எடுத்து, அறுவைக்கு மறுநாள் எடுத்த படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தனியாக ஒரு எக்ஸ்ரே அதிகம் சொல்லாது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே சொல்லும். ஆகவே பலதுறை மருந்தகத்துக்கோ பக்கத்துப் பல் மருந்தகத்துக்கோ போகாமல், பழைய படம் இருக்கும் இடத்துக்கே போங்கள்.

சிகிச்சையும் படிப்படியானதே. அசைவு சிறிதாகவும் பைட் நன்றாகவும் இருந்தால், தாடைகளைச் சில வாரங்கள் இறுக்கிக் கட்டி, எலும்பு தானாகக் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். பைட் விலகியிருந்தால் மறுஅறுவையில் தடித்த தகடோ கூடுதல் தகடோ பொருத்துவார்கள். இடைவெளி பெரிதென்றால் இடுப்பிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ எலும்பு எடுத்து வைக்கவேண்டியும் வரலாம். சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புத் திட்டமான மெடிசேவ் பணத்தை இதற்குப் பயன்படுத்த முடியுமா, எவ்வளவு என்பதை அறுவைக்கு நாள் குறிக்கும்போதே கட்டணப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

மாதங்கள் கழித்து

எலும்பு கூடிய பிறகு மெல்ல மெல்ல மாறும் பைட்டுக்குத் தகடு பெரும்பாலும் பொறுப்பாகாது. பிரேஸ் கழற்றிய பின் பற்கள் நகராமலிருக்கத் தந்த ரிட்டெயினரை முதலில் போட்டுப் பாருங்கள். அது இறுகினாலோ உட்காராவிட்டாலோ பற்கள்தாம் நகர்ந்திருக்கின்றன. அடுத்து நாக்கை முன்பற்களுக்கிடையே தள்ளும் பழக்கம், பிறகு இளம் வயதினரிடம் எஞ்சியிருக்கும் வளர்ச்சி. செய்த நகர்வின் தன்மையும் உண்டு: மேல்தாடையை உயர்த்துவது மிக நிலையானது, கீழே இறக்குவதும் கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளுவதும் அவ்வளவு நிலையானவை அல்ல, மேல்தாடையை அறுவையால் அகலப்படுத்துவது இவற்றுள் மிக எளிதில் பின்வாங்கக்கூடியது. முன்பற்கள் மாதந்தோறும் சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே போய், முகவாயும் பின்வாங்குவதாகத் தெரிந்தால், மூட்டுக் குமிழ் கரைகிறதா என்று மருத்துவர் பார்க்கவேண்டும். இளம் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கரைதல் நின்றது உறுதியாகும்முன் மறுஅறுவைக்கு அவசரப்படுவதில் பயனில்லை.

அறிகுறி 2: மெல்லும்போது சத்தம் கேட்கிறது

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை விரல் நுனியை மெதுவாக வைத்துக் கண்டுபிடியுங்கள். காதுக்கு நேர்முன்னே வந்தால் அது மூட்டுச் சத்தம். வலியோ பூட்டிக்கொள்வதோ இல்லையென்றால் அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். பற்களின் அருகே வந்தால் ரப்பர் வளையம் வழுக்குவதோ, பிரேஸ் கம்பி தளர்ந்திருப்பதோ, ஸ்பிளிண்ட் தட்டுவதோதான். மேல்தாடை அறுவைக்குப் பின் கன்னத்துக்குள் தண்ணீர் குலுங்குவதுபோல் கேட்பது சைனஸில் தேங்கிய நீரும் காற்றும் செய்யும் வேலை. அது வாரங்களில் அடங்கிவிடும்.

இரண்டு சத்தங்களுக்கு மட்டும் விரைவு வேண்டும். மூக்கைச் சிந்திய பிறகு கன்னமோ கண்ணடியோ திடீரென உப்பி, தொட்டால் நொறுநொறுவென்றால், காற்று தோலடியில் புகுந்திருக்கிறது. மூக்கைச் சிந்துவதை நிறுத்திவிட்டு அன்றே அழையுங்கள். எலும்பை வெட்டிய இடத்தில், ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் அதே புள்ளியில் "டிக்" என்று கேட்டு வலித்தால், மேலே மூன்றாவது வாரத்துக்கான பகுதியில் சொன்ன எக்ஸ்ரே ஒப்பீடு தேவை.

அறிகுறி 3: வடிந்த வீக்கம் திரும்புகிறது, வாயில் கெட்ட சுவை, உலோகம் தெரிகிறது

கீழ்த்தாடையின் பின்பகுதியில், கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தில் உணவு தங்குவதே எளிய காரணம். தையல் சற்று விலகியிருந்தால் அங்கே சோற்றுப் பருக்கை ஒன்று போதும், இரண்டு நாளில் கெட்ட சுவை வரும். உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் உப்புநீரால் கொப்பளித்து, மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் வளைமுனைச் சிரிஞ்சால் மெதுவாகக் கழுவுங்கள். சுவை நீங்கி வீக்கம் குறைந்தால் அதோடு முடிந்தது.

குறையாவிட்டாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் கண்டாலும், சாம்பல் நிற உலோகம் கண்ணில் பட்டாலும் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். ஊரிலிருந்து வாங்கிவந்து வைத்திருக்கும் ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தொடவேண்டாம். அவை வீக்கத்தை அரைகுறையாக அமுக்கி, உண்மையான காரணத்தை இன்னும் சில வாரங்களுக்கு மறைத்துவிடும். புகைபிடிப்பவர்களிடமும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களிடமும் இந்தத் தொல்லை அதிகம். நாங்கள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

மருத்துவர் பார்ப்பது முதன்மையாக ஒன்றை: தகடு உறுதியாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? தொற்று இருந்தாலும் பிடி உறுதியாக இருந்தால், கழுவியும் மருந்து கொடுத்தும் எலும்பு கூடும்வரை அதை இருக்கவிட்டு, பிறகு எடுத்துவிடலாம். தளர்ந்த திருகு பிடிப்பையும் தராது, தொற்றையும் ஆறவிடாது. ஆகவே அதை எடுத்து வேறு வகையில் பிணைக்கவேண்டும். பல்வேரை உரசிய திருகும் இப்படித் தொல்லை தரலாம் என்பதால் அருகிலுள்ள பல்லின் உயிர்ப்பையும் சோதிப்பார்கள். கரையும் தகடு போட்டவர்களுக்கு, பல மாதங்கள் கழித்துக்கூட, தகடு சிதையும் கட்டத்தில் கிருமியில்லாத வீக்கம் வரலாம். அதையும் காட்டியே ஆகவேண்டும்.

அறிகுறி 4: தோலடியில் தட்டுப்படுகிறது, குளிரில் வலிக்கிறது

கன்ன எலும்பின் அடியில் சதை மெலிந்தவர்களுக்குத் திருகுத்தலை விரலுக்குத் தட்டுப்படும்; குளிரூட்டிய அலுவலகத்தில் மந்தமாக வலிக்கும். இது கோளாறு அல்ல. தொந்தரவு மிகுந்தால், எலும்பு நன்றாகக் கூடிய பிறகு எடுத்துவிடலாம். டைட்டானியம் காந்தத்தால் இழுக்கப்படாது. எம்ஆர்ஐ எடுக்குமுன் தகடு இருப்பதைத் தெரிவித்தால் போதும், தாடைக்கு அருகே மட்டும் படம் சற்றுக் கலங்கும்.

அறிகுறி 5: கீழுதடு மரத்திருக்கிறது

நரம்பு சம்பந்தப்பட்டது, தகட்டின் தளர்ச்சியைக் காட்டாது. உணர்வு மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும், சிலருக்கு ஒரு பகுதி திரும்பாமலும் போகலாம். அதுவரை சூடான தே தாரிக்கை உதட்டில் வைக்குமுன் கையால் தொட்டுப் பாருங்கள். உணர்வு நன்றாகத் திரும்பிய பிறகு வீக்கத்தோடு மறுபடி மரத்தால் மட்டும் அறிகுறி 3-இல் உள்ளபடி செய்யுங்கள்.

அறுவை வெளிநாட்டில், அறிகுறி இங்கே

சென்னையிலோ வேறு ஊரிலோ அறுவை செய்துகொண்டு சிங்கப்பூர் திரும்பியவர்களுக்கு, மேற்சொன்ன ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படி கூடுதல். ஆறு வாரம் முடியுமுன் திரும்புவதாக இருந்தால், இங்கே யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை விமானச் சீட்டு எடுக்குமுன் உறுதிசெய்யுங்கள். கொண்டுவரவேண்டியவை: அறுவைக் குறிப்பு, அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே அல்லது ஸ்கேனின் முழுக் கோப்பு, ஸ்பிளிண்ட், மீதமுள்ள ரப்பர் வளையப் பொட்டலங்கள். கைபேசியில் எடுத்த எக்ஸ்ரே படத்தை வைத்து மில்லிமீட்டர் வேறுபாட்டை அளக்க முடியாது என்பதால் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

இவற்றைவிட அதிகம் மறக்கப்படுவது, தகடு, திருகுப் பெட்டிகளிலிருந்து உரித்து அறுவைப் பதிவேட்டில் ஒட்டப்படும் சிறு ஒட்டுத்தாள்கள். அவற்றில் தயாரிப்பு நிறுவனம், வகை, திருகின் விட்டம், நீளம் எல்லாம் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தரும்படி கேளுங்கள். திருகுத்தலையின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒன்றின் திருப்புளி மற்றொன்றில் பொருந்தாமல் போகலாம். விவரம் இல்லையென்றால், இங்குள்ள மருத்துவர் ஸ்கேனைப் பார்த்து ஊகித்துப் பல நிறுவனங்களின் திருப்புளிகளை வரவழைக்கவேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் திருகுத்தலையைத் துளைத்தே எடுக்கவேண்டும். கழற்றும் வேலை அதனால் நீளும், மயக்க நேரமும் கட்டணமும் அதோடு சேர்ந்து ஏறும்.